ஒரு மணி நேரம் களை எடுத்தாலும் வேலைதான்!

நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார் நிலம் வைத்திருப்பவர். பாதி நாள் வேலையே இல்லை என்கிறார் கூலித் தொழிலாளி. இரண்டும் உண்மை. ஆனால், 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு, நாட்டின் கிராமப்புற வேலையின்மை வெறும் 2.5 சதவீதம் என்கிறது. இந்த எண் பொய்யல்ல. அது எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. முதலாவது, கடந்த 365 நாட்களைப் பார்ப்பது. ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடிக்கொண்டிருந்தவர்கூட, 30 நாட்கள் ஏதாவது வேலை செய்திருந்தால் வேலையில் இருப்பவராகிவிடுவார். 2.5 சதவீதம் இப்படி வந்ததுதான். இரண்டாவது, கடந்த 7 நாட்களைப் பார்ப்பது. அதில் ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்தாலே போதும். கூலியின்றிச் சொந்த வயலில் களை எடுக்கும் மனைவியும், பட்டம் படித்துவிட்டு அப்பாவின் பம்ப்செட்டைப் பார்த்துக்கொள்ளும் மகனும் வேலையில் இருப்பவர்களே.

முன்பு மூன்றாவது அளவுகோலும் இருந்தது. வேளாண் பொருளியல் அறிஞர் தந்த்வாலா தலைமையிலான குழு 1970இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை அரை நாள் வேலை இல்லை என்று கணக்கிட்டார்கள். 2011-12இல் ஒரே கணக்கெடுப்பில், ஆண்டுக் கணக்குப்படி வேலையின்மை 2.2 சதவீதம், வாரக் கணக்குப்படி 3.7, நாள் கணக்குப்படி 5.6. ஆளை எண்ணாமல் நாளை எண்ணியதும் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. 2017இல் தொடங்கிய இப்போதைய கணக்கெடுப்பின் ஆண்டறிக்கைகளில் இந்த நாள் கணக்கு வருவதில்லை.

விவசாயத்துக்கு இது பெரிய இழப்பு. நெல்லில் வேலை நடவு, களை, அறுவடை என்று சில நாட்களில் குவிகிறது. இடையில் வாரக்கணக்கில் ஓய்கிறது. அறுவடை இயந்திரம் வந்ததால் பத்து நாள் கூலி இழந்த பெண், நடவுக்கும் களைக்கும் போவதால் கணக்கில் வேலையில்தான் இருக்கிறார். அவர் இழந்த பத்து நாளை ஆண்டுக் கணக்கு காட்டாது. இயந்திர மானியத்தையும், வேலையற்ற மாதங்களுக்கான திட்டங்களையும் முடிவு செய்பவர்களுக்கு அந்தப் பத்து நாள் தெரிய வேண்டாமா?

கணக்கெடுப்புப் படிவத்தில் ஏழு நாளும் எத்தனை மணி நேரம் வேலை என்று இப்போதும் கேட்கிறார்கள். அதைக் கொண்டு, பருவவாரியாக நாள் கணக்கையும் வெளியிட வேண்டும். உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வந்தால், "விவசாயம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். வேலை இருந்த நாளையும் இல்லாத நாளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.