எல்லைக்கு அப்பால் ஒரு சட்டம்

புக்கிட் காயு ஹீத்தாமுக்கு வடக்கே, தாய்லாந்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, தற்காப்புக்கென்று மனுச் செய்து, பதிவதிகாரியின் அனுமதியோடு குடிமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

நமது கெடாவிலோ, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் தலைவரின் உரிமம் வேண்டும். கள்ளத்துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படி.

தோழர்களே! அவசரகாலத்தில் தண்டனை தூக்கு. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டது, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்திற்குத்தான். அந்த நாளைத் தொழிலாளர் மறக்கலாகாது.

இருந்தும் சட்டம் தளர வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. துப்பாக்கி மலிந்தால் முதலில் சாவது ஏழைதான். நாம் கேட்பவை இரண்டு. நிரைக்குள் காட்டுப்பன்றி வந்தால், உரிமம் உள்ளவரைக் கொண்டு நிர்வாகமே விரட்டட்டும். பால்வெட்டுக்காரர் தலையில் அதைக் கட்டக்கூடாது. இரண்டாவது, இச்சட்டங்களின் தண்டனைகளைத் தமிழில் எழுதித் தோட்டந்தோறும் ஒட்டட்டும். தெரியாது என்றால் கோர்ட்டு விடாது.

எல்லைக்கு அப்பால் துப்பாக்கி மலிவு என்று எவரேனும் ஆசை காட்டினால், விலகி நில்லுங்கள். விற்றவன் அக்கரையில் இருப்பான். சிறைக்குப் போவது நீங்கள், பட்டினி கிடப்பது உங்கள் பிள்ளைகள்.