கடைசி வாரத்து வதை

முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்த பையனுக்குக் கடைசி வாரத்தில் கிடைக்கும் உபதேசம் ஒன்றுதான்: "இப்ப விட்டா ஸ்டாமினா போயிடும்டா, இன்னும் ரெண்டு ரவுண்டு போடு." வட சென்னையில் மட்டுமல்ல, பாக்ஸிங் நடக்கும் எல்லா ஊரிலும் இதுவே வேதம். ஓய்வு கேட்டால் சோம்பேறி, பயந்தாங்கொள்ளி. இந்த நம்பிக்கை தவறானது, பையன்களின் உடம்பைக் கெடுப்பது. சொல்பவர் வாத்தியார் என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

பயிற்சி உடம்பைக் களைக்க வைக்கிறது. பலம் ஏறுவது அதற்குப் பிறகு, சோற்றிலும் தூக்கத்திலும். கடுமையான பயிற்சியில் தசைகளில் தீர்ந்துபோகும் எரிபொருளான கிளைக்கோஜன் மீண்டும் நிரம்பவே ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் பிடிக்கும். மூச்சுத் திறன் உயர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஓடும் கூடுதல் ஓட்டத்தின் பலன் போட்டி முடிந்த பிறகுதான் வரும். களைப்பு மட்டும் அன்றைக்கே வந்துவிடும். ஒரு வாரம் அளவைக் குறைத்தால் மாதக்கணக்கில் சேர்த்தது கரைந்துவிடாது.

செக் நாட்டு ஓட்டக்காரர் எமில் சாடோபெக், அளவுக்கு மீறிய பயிற்சிக்கே பேர் போனவர். 1950ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டிக்கு முன்பு உணவு ஒவ்வாமல் மருத்துவமனையில் படுத்தார். வெளியே வந்த சில நாட்களில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரு மனிதரின் கதை நிரூபணமாகாதுதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன: போட்டிக்கு முந்தின இரண்டு வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள்.

"சும்மா விட்டா பையன் பயந்துடுவான்" என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. சும்மா விட வேண்டாம். மூன்று ரவுண்டு பேட், கொஞ்சம் ஷேடோ பாக்ஸிங், கொஞ்சம் ஸ்கிப்பிங். கை வேகமாக இருக்கும்போதே நிறுத்தி வீட்டுக்கு அனுப்புங்கள். ஜல்லிக்கட்டுக் காளையை வாடிவாசலுக்கு முந்தின நாள் ஏரில் பூட்டுகிறவர் உண்டா?

முதல் ரவுண்டு பாதியிலேயே கை தொங்கிப்போகும் பையன்களைப் பார்த்து "ஸ்டாமினா இல்ல" என்று தீர்ப்பு எழுதுவது இன்னொரு கொடுமை. முதல் முறை ரிங்கில் ஏறுகிறவன் பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், தோளை இறுக்குகிறான், முதல் நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். அதற்கு மருந்து நிதானம். அவனை இன்னும் பத்துக் கிலோமீட்டர் ஓடவிட்டால் நிதானம் வராது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் கூடை தூக்கிவிட்டு மாலையில் கிளவுஸ் மாட்டுகிற பையனுக்கு அந்தக் கூடையும் பயிற்சிக் கணக்கில் சேரும். எந்த வாத்தியார் அதை எண்ணுகிறார்?

பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்தான் எல்லாவற்றிலும் மோசம். போட்டியில் தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங் ஏறக் கூடாது என்பது அமெச்சூர் விதி. பயிற்சிக் கூடத்தில் கண் இருண்டு உட்கார்ந்தவனுக்கு அந்த 30 நாளை யார் எண்ணுகிறார்கள்? முகத்தில் தண்ணீர் தெளித்து மறுநாளே மீண்டும் நிறுத்துகிறார்கள். 1974இல் உலக சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனுக்கே ஸ்பாரிங்கில் கண்ணருகே கிழிந்து, முகமது அலியுடனான கின்ஷாசா சண்டை செப்டம்பரிலிருந்து அக்டோபர் இறுதிக்குத் தள்ளிப்போனது. உலக சாம்பியனுக்காகத் தேதியை மாற்றுவார்கள். உங்கள் பையனுக்காக மாற்ற மாட்டார்கள்.

எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தி, பிளாஸ்டிக் சட்டை மாட்டி ஓடவிடுவதும் இந்த நம்பிக்கையின் பிள்ளைதான். தொழில்முறைச் சண்டையில் வழக்கமாக முந்தின நாளே எடை பார்ப்பார்கள். அமெச்சூரில் அன்று காலையே. இழந்த நீரை மீட்க நேரமே இல்லை. 1997 கடைசியில் இப்படி எடை குறைக்கப் போய் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள்.

வாத்தியார்களே, கடைசிப் பத்து நாள் கடும் ஸ்பாரிங்கை நிறுத்துங்கள். பையன் எந்த எடையில் நன்றாகச் சாப்பிட்டு நிற்கிறானோ அந்தப் பிரிவிலேயே பெயர் கொடுங்கள். பெற்றோர்களே, அவன் இரவு எட்டு மணி நேரம் தூங்குகிறானா என்று பாருங்கள். கூடத்தில் தலையில் பலத்த அடி வாங்கியிருந்தால் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். அடுத்த போட்டி வரும்.