பாட வா என்கிறது அழைப்பு. வெளியே நில் என்கிறது விதி!

பழங்காநத்தம் என்றதும் மதுரைக்காரருக்கு நினைவுக்கு வருவது பொதுக்கூட்டம். ரவுண்டானா ஓரத்திலே மேடை, ஒலிபெருக்கி, கொடி, தோரணம், நள்ளிரவு வரை கலையாத கூட்டம். ஆனால் அதே பழங்காநத்தத்திலே கோவலன் பொட்டல் என்று ஒரு திடலும் உண்டு. சிலப்பதிகாரத்துக் கோவலன் வெட்டுண்டது இங்கேதான் என்று தலைமுறை தலைமுறையாக ஊரார் சொல்லி வரும் இடம். தொல்லியல் துறையினர் தோண்டிப் பார்த்த இடம்.

அந்தப் பொட்டலை அடுத்த தெருவிலே, ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அவருடைய மகளுக்கு வயது பதினாறு. ஓதுவார் ஒருவரிடம் ஏழாண்டுகளாகப் பாடம். திருப்பரங்குன்றத்தைப் பற்றிச் சம்பந்தர் பாடிய பதிகத்தைக் குறிஞ்சிப் பண்ணிலே அந்தப் பெண் பாடினாள். நான் கோயில் குளம் சுற்றுகிறவன் அல்லன். தேவாரத்தின் பக்திக்கும் எனக்கும் வெகுதூரம். ஆயினும் அந்தக் குரல் என் கையிலிருந்த தேநீரை ஆறவைத்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பாடி முடித்ததும் தந்தை ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார். "அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பிள்ளை சேரலாமா, சேரக் கூடாதா?"

அயல்நாட்டு நகரம் ஒன்றிலே நடைபெறும் அனைத்துலகச் செவ்விசைப் பாட்டுப் போட்டியின் விதிமுறைகள் அவை. எந்த நகரம், எந்த அமைப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் தலையைக் கொட்டி மற்றவரைத் தப்பவிடுவது என் நோக்கமல்ல.

படித்தேன். முதல் பக்கம் தேன். இசைக்கு எல்லை இல்லை, இனமில்லை, மொழியில்லை, உலகெங்கும் உள்ள இளங்கலைஞர்களே வருக வருக! இரண்டாம் பக்கத்திலே விதிகள் தொடங்கின. வயதுச் சான்று வேண்டும். நியாயம். பாட்டை ஒரே மூச்சாகப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். இடையிலே வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, ஓசையை மெருகேற்றக் கூடாது. இதை நான் மெச்சுகிறேன். கருவிக் கலப்படம் மலிந்த காலத்திலே குரலைக் குரலாகவே கேட்க விரும்புவோர் வாழ்க. சுருதிப் பெட்டியோடு மிருதங்கப் பக்கவாத்தியமும் இருக்க வேண்டும். இங்கே செலவு தொடங்குகிறது. நுழைவுக் கட்டணம் டாலரிலே. நம் காசுக்கு மாற்றிப் பார்த்தால் ஆட்டோக்காரத் தோழரின் ஒரு வாரத்து வருமானம். அதற்கும் மேலே, குருவின் கடிதம். குரு யாராக இருந்தாலும் போதாது. சபா மேடைகளிலே கச்சேரி செய்தவராக இருக்க வேண்டுமாம்! ஓதுவாருக்கு ஏது சபா? அவர் பாடுவது கருங்கல் மண்டபத்திலே, கால பூசைக்கு.

அதற்கும் அடுத்த விதியிலேதான் நான் தாளைக் கீழே வைத்தேன். மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் கட்டாயம். இராக ஆலாபனை கட்டாயம். தமிழ்? உண்டு, உண்டு, ஒதுக்கிவிடவில்லை! 'இதர உருப்படிகள்' என்ற தலைப்பின் கீழே, முதல் சுற்று மதிப்பெண்ணிலே சேராத பகுதியிலே, விரும்பினால் பாடிக்கொள்ளலாம். விருந்து முடிந்து கை கழுவும் நேரத்திலே வெற்றிலை தருவது போல.

"குறிஞ்சின்னு எழுதுறதுக்கு இதில் இடமே இல்லையே" என்றாள் அந்தப் பெண். படிவத்திலே இராகப் பட்டியல் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். குறிஞ்சிப் பண்ணை இன்று அரிகாம்போதியிலே பாடுகிறார்கள் என்பது ஓதுவார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். நட்டபாடை கம்பீர நாட்டையானது, தக்கேசி காம்போதியானது, மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியானது. பொருள் ஒன்றுதான். ஆனால் பழைய பெயரோடு வருகிறவளுக்கு வாசல் இல்லை. புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டால் உள்ளே வரலாம்!

இதிலே என்ன பெரிய அநீதி என்று கேட்போர் உண்டு. கர்நாடக இசையின் பெருஞ்செல்வம் தெலுங்கிலும் வடமொழியிலும் இருக்கிறது; இயற்றியவர் மொழியிலேதானே பாட வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தியாகராசர் திருவாரூரிலே பிறந்தார், திருவையாற்றிலே வாழ்ந்தார், காவிரித் தண்ணீரைக் குடித்தார், ஆனால் தம் வீட்டு மொழியாம் தெலுங்கிலே பாடினார். நெஞ்சிலே எழுந்ததை நாவிலே பழகிய மொழியிலே பாடினார். அந்த உரிமையைத்தான் ஐயா நாங்களும் கேட்கிறோம்! தெலுங்கின் மீது எங்களுக்குப் பகை இல்லை.

அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகரத்திலே 1978 முதல் தியாகராசர் ஆராதனை விழா நடைபெறுகிறது. இளையோருக்குப் போட்டிகளும் உண்டு. கடல் கடந்து போன குடும்பங்கள் பிள்ளைகளின் தொண்டையிலே இசையைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன, பாராட்டத்தான் வேண்டும். தியாகராசர் பெயரால் நடக்கும் விழாவிலே தியாகராசர் பாட்டைக் கேட்டால் அது குற்றமாகாது. வார்சா நகரிலே 1927 முதல் சோப்பின் பெயரால் பியானோப் போட்டி நடக்கிறது. வாசிப்பதெல்லாம் சோப்பின் இசையே. யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் 'அனைத்துலகம்' என்றும் 'செவ்விசை' என்றும் பொதுப் பெயரைப் பலகையிலே எழுதிவிட்டு, உள்ளே ஒரு சிலரின் பாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலே இல்லாதவன் இசையே அறியாதவன் என்று தீர்ப்பளித்தால், அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லத்தான் வேண்டும்.

விதி என்பது எப்போதுமே எழுதியவரின் முகத்தைக் காட்டும் கண்ணாடி. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளை வாரி இறைத்துத் திருவையாற்றிலே தியாகராசருக்கு நினைவிடம் எழுப்பினார். அந்த அம்மையாருக்கே, பெண் என்ற ஒரே காரணத்தால், ஆராதனையிலே பாட இடமில்லை என்றது ஒரு விதி. எழுதப்படாத விதி! போராடித்தான் இடம் பெற்றார். 1941-இலே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே தமிழிசை மாநாடு கூடியபோது, தமிழ்நாட்டிலே தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் கேட்டதற்காக, இசையின் தரமே கெட்டுவிடும் என்று பதறினார்கள் கனவான்கள். செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் அசையவில்லை. 1943-இலே சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1946-இலே திருவையாற்றிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டைப் பாடினார். மேடையே தீட்டாகிவிட்டது என்று பேச்சு எழுந்தது. 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பிலே குடி அரசு ஏட்டில் இளைஞர் கருணாநிதி எழுதிய சூடான கட்டுரை அந்த நாளின் வடு.

அதற்கும் முன்னே, தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். மருத்துவர், கிறித்தவர், சபாக்களின் உள்வட்டத்தைச் சேராதவர். 1912 முதல் தம் செலவிலே இசை மாநாடுகள் கூட்டினார். 1916-இலே பரோடாவிலே நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் பெண்களை அழைத்துச் சென்று, அவர்களைப் பாட வைத்துத் தம் இசைக் கணக்கை மெய்ப்பித்தார். மறு ஆண்டு கருணாமிர்த சாகரம் அச்சேறியது. குருவின் கடிதம் கேட்டிருந்தால் அவர் எந்த சபாவிலே போய் நின்றிருப்பார்?

சரி, மேல்நாடுகளிலே எப்படி? அங்கும் கண்டிப்பு உண்டு. பாட்டை மனப்பாடமாகப் பாட வேண்டும், இயற்றிய மொழியிலேயே பாட வேண்டும் என்பது பெரிய போட்டிகளிலே வழக்கமான விதி. இத்தாலியப் பாட்டை இத்தாலிய மொழியிலே, ஜெர்மன் பாட்டை ஜெர்மன் மொழியிலே. ஆனால் இத்தாலிய மொழி உயர்ந்தது, மற்றது கை கழுவும் நேரத்துக்கு என்ற பாகுபாடு இல்லை.

வேல்ஸ் என்று ஒரு சிறு நாடு. ஆங்கில ஆதிக்கத்துக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கும் நாடு. அங்கே தம் மொழி பேசுவோர் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். நம் மதுரை மாநகரத்து மக்கள் தொகையைவிடக் குறைவு! அவர்கள் என்ன செய்தார்கள்? 'ஐஸ்டெத்வாட்' என்ற தங்கள் தேசியக் கலைவிழாவிலே 1950 முதல் மேடையில் எல்லாமே வேல்ஷ் மொழியில்தான் என்று விதி வைத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்களா என்றால், இல்லை. லாங்கோலென் என்ற சிற்றூரிலே 1947 முதலே அனைத்துலகப் பாட்டுப் போட்டி நடத்தினார்கள். உலகப் போரின் புண் ஆறாத காலம். எந்த நாட்டானும் வா, உன் பாட்டைப் பாடு என்றார்கள். 1955-இலே இத்தாலியின் மொடேனா நகரிலிருந்து ஒரு பாடகர் குழு வந்தது. அதிலே ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரும், அவருடைய பத்தொன்பது வயது மகனும் பாடினார்கள். முதற்பரிசு பெற்றார்கள். அந்த மகன்தான் பின்னாளிலே உலகை ஆட்டிப்படைத்த பவரொட்டி! நாற்பதாண்டு கழித்து, 1995-இலே, அதே ஊருக்குத் திரும்பி வந்து பாடினார்.

அந்த வேல்ஸின் தலைநகரான கார்டிஃபிலே 1983-இலே உலகப் பாடகர் போட்டி தொடங்கிற்று. 1989-இலே சைபீரியாவிலிருந்து வந்த ஹ்வொரோஸ்தோவ்ஸ்கிக்கு முதற்பரிசு; தனிப்பாட்டுக்கான பரிசு பிரின் டெர்ஃபல் என்ற இளைஞருக்கு. யார் இந்த டெர்ஃபல்? வடவேல்ஸின் உழவர் வீட்டுப் பிள்ளை. தாய்மொழி மேடையிலே, சிறுவர் போட்டிகளிலே பாடிப் பாடி வளர்ந்தவர். தாய்மொழியில் பாடிப் பழகினால் தரம் தாழும் என்போர் அந்த இளைஞரின் பரிசுக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம், தோழர்களே. மாற்றானை மட்டும் ஏசிக்கொண்டிருப்பது எளிது. போட்டி விதி எழுதுவது நமக்குப் புதிய கலையா? சிலம்பின் அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். ஆடல் ஆசான் எப்படி இருக்க வேண்டும், பாடுவோன் எப்படி, தண்ணுமை முழக்குவோன் எப்படி, குழலோன் எப்படி, யாழோன் எப்படி என்று ஒவ்வொருவருக்கும் தகுதி வகுத்திருக்கிறார்கள். அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு கூடக் குறித்திருக்கிறார்கள். மாதவி ஐந்து வயதிலே தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டிலே அரங்கேறினாள். அங்கும் குலம் பார்த்தார்கள். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கலையின் இலக்கணம் தமிழிலே இருந்தது, தீர்ப்பும் தமிழிலே இருந்தது. கோவலன் பொட்டலின் பக்கத்துத் தெருவிலே நின்றுகொண்டு இந்தப் பெண், தன் பண்ணுக்கு அயல்நாட்டுப் படிவத்திலே இடம் இருக்கிறதா என்று தேடுகிறாள்!

பெரியார் அப்போதே சொன்னார், தமிழிலே பாடினால் மட்டும் போதாது, பாட்டின் பொருளும் அறிவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்று. அந்த வேலையும் பாதியிலே கிடக்கிறது. பாரதிதாசன் பாட்டுக்கு இசை கூட்டினார் தேசிகர். அந்த வழியிலே எத்தனை பேர் நடந்தார்கள்? தேவாரத்தோடு முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, அதன் பின் பாரதிதாசன் என்று ஒரு முழுப் பாடத்திட்டத்தைப் போட்டிக்கென்று தொகுத்து, இதுதான் தமிழ்ச் செவ்விசை, இதற்கு மதிப்பெண் கொடு என்று உலகின் முன்னே வைக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

வசதி இல்லாமலும் இல்லை. பழங்காநத்தத்துக்கு அடுத்த பசுமலையிலே அரசு இசைக் கல்லூரி. நகருக்குள்ளே தமிழிசைச் சங்கத்தின் ராஜா முத்தையா மன்றம். பல மாவட்டங்களிலே அரசு இசைப் பள்ளிகள். அவற்றிலே தேவாரம் தனிப்பாடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-இலே தொடங்கிய கலைத் திருவிழா, கூலிக்காரன் மகளையும் மேடையேற்றிற்று. இவ்வளவு இருந்தும், வெட்டாமல் ஒட்டாமல் ஒரு பாட்டைப் படம்பிடிக்க இந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. ரவுண்டானாவின் பேருந்து இரைச்சல் அடங்கும் வரை காத்திருந்து, விடியற்காலை மூன்று மணிக்கு, அடுக்களையிலே, கைப்பேசியை அரிசி டப்பாவிலே சாய்த்து வைத்துப் பாடியிருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்தேன். பாட்டின் நடுவிலே ஒரு நாய் குரைக்கிறது. பிள்ளை சுருதி விலகவில்லை.

இசைக் கல்லூரியிலே மாதம் இரண்டு நாள், ஒலி புகாத ஓர் அறை, ஒரு மிருதங்கக்காரர், ஒரு படக்கருவி. வெளியூர், வெளிநாட்டுப் போட்டிக்கு விண்ணப்பிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம். ஓதுவார்களுக்கும் நாட்டுப்புறத்து ஆசான்களுக்கும் 'இவரும் இசை ஆசிரியரே' என்று இசைப் பல்கலைக் கழகத்தின் முத்திரையோடு ஒரு சான்று. டாலர் கட்டணத்துக்குக் கலை பண்பாட்டுத் துறையிலிருந்து ஒரு சிறு நிதி. கோட்டையைக் கட்டச் சொல்லவில்லை. துரைத்தனம் மனம் வைத்தால் ஒரே கையெழுத்திலே முடியும் காரியம். அதோடு, லாங்கோலெனைப் போல மதுரையிலே ஆண்டுக்கொரு முறை அனைத்துலகத் தமிழிசைப் போட்டி; யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், பினாங்குப் பிள்ளையும், டொராண்டோப் பிள்ளையும், பழங்காநத்தத்துப் பிள்ளையும் ஒரே மேடையிலே. விதிமுறையின் முதல் வரி தமிழிலே இருக்கட்டும்.

தந்தை கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்: "சேரலாம். ஆனா அவங்க கேக்குற கீர்த்தனை நாலைக் கத்துக்கணும். இல்லேன்னா விதியை மாத்தச் சொல்லணும்." அவர் மகளைப் பார்த்தார். அவள், "இரண்டும் செய்வோமே மாமா" என்றாள். என்னைவிடக் கெட்டிக்காரி.

கீர்த்தனைகள் நான்கையும் கற்கத் தொடங்கிவிட்டாள். போட்டிக் குழுவுக்கான கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம்: பண்களின் பெயரை இராகப் பட்டியலிலே சேர்க்கவும், தமிழ் உருப்படிக்கு முதல் சுற்றிலேயே மதிப்பெண் தரவும், ஓதுவாரையும் குருவாக ஏற்கவும். கையெழுத்திட விரும்பும் தோழர்கள் வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பழங்காநத்தம் படிப்பகத்துக்கு வரலாம். பெண்ணும் வருவாள், ஒலிபெருக்கி இல்லாமல் பாடுவாள்.