ஒரு நாள் விழா, 364 நாள் சிதைவு

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை முழுநிலவு நெருங்கும்போது கேரளத்தின் இடுக்கி, தமிழகத்தின் தேனி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசுகிறார்கள். குமுளியிலிருந்து எந்த ஜீப்புகளை விடுவது, சோதனைச் சாவடிகளை எங்கே போடுவது, பக்தர்களை எத்தனை மணிக்கு மேலே அனுப்பி எத்தனை மணிக்குள் கீழே இறக்குவது என்றெல்லாம் முடிவாகிறது. காவலர், வனத்துறையினர், மருத்துவக் குழு, தீயணைப்பு வண்டி என எல்லாம் வந்து நிற்கின்றன. பல்லாயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். அன்று மாலையே காட்டுப்பாதை மூடப்படுகிறது. அதன்பின் அடுத்த சித்திரை வரை மங்கலதேவி கண்ணகி கோட்டம் என்ற ஒன்று இருப்பதையே இரண்டு அரசுகளும் மறந்துவிடுகின்றன. இந்த மறதியை வன்மையாகக் கண்டிக்கிறோம். இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. எல்லைத் தகராறு என்ற ஒரே காரணத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு இரு அரசுகளும் தெரிந்தே செய்துவரும் கடமைத் தவறு இது.

வண்ணாத்திப்பாறை மலையில், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது அந்தக் கோட்டம். கிழக்கே பார்த்தால் கூடலூரும் கம்பமும், நெல்வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் விரிந்த பள்ளத்தாக்கு. மறுபுறம் புல்வெளியைத் தாண்டிப் பெரியாறு காடு. அந்தக் காட்டின் நடுவே, 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி, சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் மலை இடுக்குகளிலெல்லாம் கை நீட்டிக் கிடக்கிறது. அந்த ஏரியின் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களில் இறங்கி, தேனி தொடங்கி இராமநாதபுரம் வரை வயலுக்குப் போகிறது. ஐந்து மாவட்டத்து மக்களின் சோற்றுக்கும் குடிநீருக்கும் ஆதாரமான நீர்ப்பரப்புக்கு மேலே, தமிழின் முதற்பெருங்காப்பியத்தின் நாயகிக்குரிய கோயில். இப்படி ஓர் இடம் வேறெங்கே இருக்கிறது?

மதுரையை எரித்த பின் கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்று பதினான்காம் நாள் விண்ணேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்தக் காட்சியைக் கண்டவர்கள் மலைக்குறவர்கள். பெரியாற்றங்கரையில் வந்து தங்கிய சேரன் செங்குட்டுவனிடம் அவர்கள்தான் அதைச் சொன்னார்கள். அதைக் கேட்டே அவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, பத்தினிக் கோட்டம் எடுத்தான். அந்த விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் வந்ததையும் காப்பியம் சொல்கிறது. சிங்கள மக்கள் இன்றும் பத்தினித் தெய்வத்தை வணங்குகிறார்கள். காப்பியம் காட்டிய வழியை நடந்தே தேடிப்போன பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963இல் வண்ணாத்திப்பாறையில் உள்ள இந்தக் கோயிலே அந்தக் கோட்டம் என்று அறிவித்தார்.

இதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. திருச்செங்கோட்டைச் சொல்பவர்கள் உண்டு, கொடுங்கல்லூரைச் சொல்பவர்களும் உண்டு. அந்த வாதம் நடக்கட்டும், நன்றாக நடக்கட்டும். ஆனால் வாதம் தீர்வதற்குள் சான்று அழிந்துவிடக்கூடாது. மேலே இருப்பவை பழைய கற்றளிகள். தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள கற்றளிகள். செங்குட்டுவன் காலத்துக் கட்டடம் இது அல்ல என்று முடிவானால்கூட, பாண்டிய நாட்டு எல்லை மலையில் நூற்றாண்டுகளாக மழையையும் காற்றையும் தாங்கி நின்ற கோயில் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. காப்பதற்கு அது ஒன்றே போதாதா?

அங்கே போய்வந்தவர்களுக்கு நிலைமை தெரியும். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். அடுக்கு குலையாமல் இருக்கும் வரைதான் அந்தச் சுவருக்கு வலு. ஒரு கல் நகர்ந்தால் அதன் மேலிருக்கும் கல்லுக்குப் பிடிமானம் போகிறது. இடுக்கில் விழுந்த விதை முளைத்து வேர் விடுகிறது, வேர் பருக்கப் பருக்கக் கல் விலகுகிறது. விலகிய இடத்தில் மழைநீர் இறங்கி அடிமண்ணை அரிக்கிறது. கோயிலின் பல பகுதிகள் இப்படித்தான் சரிந்து கற்குவியலாகக் கிடக்கின்றன. விழா நாளில் அந்தக் கற்களின் மீதே மக்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டோம். கொளுத்தும் சித்திரை வெயிலில் மலையேறி வந்தவர்கள் வேறெங்கே உட்காருவார்கள்? சிதைந்த கருவறையில் பட்டும் பூவும் சாத்திய அம்மன் முன்னே வரிசையில் நின்று, மஞ்சள் கயிறும் குங்குமமும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குகிற பெண்களுக்கு, தலைக்கு மேலே இருக்கும் கல் எவ்வளவு உறுதியானது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

கேரள அரசைக் கேட்கிறோம். கோயில் எங்கள் எல்லைக்குள், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது என்கிறீர்கள். வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதைக் காக்கும் பொறுப்பும் உங்களுடையதுதானே? உரிமை மட்டும் எங்களுக்கு, பராமரிப்பு யாருக்கும் இல்லை என்பது எந்த நியாயம்? காட்டைக் காரணம் காட்டி ஆண்டு முழுவதும் பூட்டி வைப்பதையும் அப்படியே ஏற்க முடியாது. சபரிமலை இதே புலிகள் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். காட்டுக்குள் நடப்பவர்களை ஒழுங்குபடுத்தவும் இந்தக் காப்பகத்துக்கு நன்றாகத் தெரியும். முன்பு வேட்டையாடியும் மரப்பட்டை உரித்தும் பிழைத்தவர்களையே வழிகாட்டிகளாக்கி, 1990களின் இறுதியிலிருந்து சிறு குழுக்களாகப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிச் செல்லும் திட்டத்தை நடத்திக் காட்டியது பெரியாறு. நாட்டுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்ட ஏற்பாடு அது. நாமும் பாராட்டுகிறோம். அதே கையால் கண்ணகி கோட்டத்துக்கு ஓர் ஒழுங்கை வகுக்க ஏன் முடியவில்லை?

தமிழ்நாட்டு அரசைக் கேட்கும் கேள்வி இதைவிடக் கடுமையானது. இங்கே மாறி மாறி ஆண்ட எல்லோருக்கும் அது பொருந்தும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கண்ணகிக்குச் சிலை வைத்தோம். 2001இல் அதை அகற்றியபோது தமிழகமே கொதித்தது. 2006இல் திரும்ப நிறுவியபோது விழா எடுத்தோம். 1973இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டினோம். மேடையில் கண்ணகி பெயரைச் சொல்லாத தலைவர் இல்லை. ஆனால் அவள் கதை முடிந்த இடமாக மக்கள் கும்பிடும் மலையில் சுவர் சரிகிறது. சிலைக்காகத் திரண்ட குரல்களில் பத்தில் ஒரு பங்காவது இந்தச் சுவருக்காக எழுந்திருந்தால் இந்நேரம் ஒரு வழி பிறந்திருக்கும். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்கிற்கு 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். அந்த மனிதருக்கு இந்த மண் பட்ட கடன் பெரிது, மண்டபம் கட்டியது சரியே. அதே லோயர் கேம்ப்பிலிருந்து சற்றுத் தொலைவில்தான் பளியன்குடி இருக்கிறது. கோட்டத்துக்குத் தமிழகப் பக்கத்திலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் அந்தப் பாதை. செங்குத்தான ஏற்றம். மழைக்காலத்தில் ஓடையாகிவிடும் இடங்களில் மண் போய் வெறும் பாறையும் வேரும் துருத்திக்கொண்டிருக்கும். இளவட்டங்கள் ஏறிவிடுவார்கள். தலையில் பொங்கல் சாமானை வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்தபடி ஏறும் கிழவிகளுக்கு இது மூச்சு முட்டும் பாதை. பாதையைச் சீராக்குங்கள் என்று கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் கேட்காத ஆண்டு இல்லை. 2024இல் இதே தமிழக அரசு மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். காசு கொடுத்து வரும் பயணிக்காக 40 பாதைகளை ஒழுங்கு செய்ய முடிந்த அரசுக்கு, காலங்காலமாக மக்கள் காலாலேயே போட்டுவைத்த ஒரு பாதையில் கல் படிக்கட்டும் கைப்பிடியும், நிழலுக்கு நாலு கூரையும், தண்ணீர்த் தொட்டியும் அமைக்க முடியாதா? இதை நாங்கள் ஏற்கத் தயாராக இல்லை.

ஒரு கோரிக்கையோடு மட்டும் நாங்கள் உடன்படவில்லை. பளியன்குடியிலிருந்து உச்சி வரை தார்ச்சாலை போட வேண்டும் என்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது கூடாது. தமிழகச் சரிவும் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. யானை நடமாடும் மலை. சாலை வந்தால் கடை வரும், விடுதி வரும், குப்பை வரும். காட்டில் கூட்டத்தைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலைகளே சாட்சி. 2011 ஜனவரியில் புல்மேட்டில் சபரிமலை மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்ட நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் தமிழகத்தவரும் பலர். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேற்றம் போன பிள்ளைகளைத் தின்றது. கண்ணகி நடந்து ஏறிய மலை இது. நடந்தே ஏறுவோம். நடப்பதற்குரிய பாதையைத்தான் கேட்கிறோம்.

எல்லை யாருடையது என்ற கேள்வி? பழைய நில அளவைப் பதிவுகளைக் காட்டிக் கோயில் எங்கள் மண்ணில் என்கிறது தமிழகத் தரப்பு. கேரளம் மறுக்கிறது. வழக்குகள் நீதிமன்றப் படி ஏறியிருக்கின்றன. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தகராறு முடியும் வரை கல்லைத் தொடமாட்டோம் என்பது ஏற்கத்தக்க நிலைப்பாடு அல்ல. கீழே ஏரியைப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் இந்த இரு மாநிலங்களும் மோதியதைப் போல் வேறெதிலும் மோதியதில்லை. அப்படியிருந்தும் 2014இல் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதித்த உச்ச நீதிமன்றம், இரு மாநிலப் பிரதிநிதிகளும் அமரும் கண்காணிப்புக் குழுவையும் அமைக்கச் சொன்னது. சண்டை ஒருபுறம் இருந்தாலும், அணையைப் பார்வையிட ஒரே குழுவில் உட்காரத்தான் செய்தார்கள். அணைக்குச் செய்த ஏற்பாட்டைக் கோட்டத்துக்கும் செய்யலாம். விழா நாளுக்காக இரண்டு ஆட்சியர்கள் ஒரே மேசையில் உட்கார முடிகிறது என்றால், மற்ற நாட்களுக்காகவும் உட்கார முடியும்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. எல்லை வழக்கு எதற்கும் பாதகமில்லாமல், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமையில் இரு மாநிலத் தொல்லியல், வனத் துறைகளும் சேர்ந்த நிலைத்த குழு ஒன்று உடனே அமைய வேண்டும். கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிட்டு, படமெடுத்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, அந்த ஆவணத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சரியும் சுவர்களுக்கு முட்டுக்கொடுப்பதும் வேர்களை அகற்றுவதும் மழைநீர் வடிய வழி செய்வதும் வரும் பருவமழைக்கு முன்பே நடக்க வேண்டும். அவற்றுக்கு எந்த ஆய்வறிக்கையும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீரமைப்புத் திட்டம் எந்த அரசிடமாவது ஏற்கனவே கோப்பில் இருந்தால் அதை வெளியிடுங்கள், தேதி சொல்லுங்கள். சிமென்ட் பூசி, வண்ணம் அடித்து, புதுக் கோபுரம் எழுப்பி அதைத் திருப்பணி என்று சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். பழைய கல்லைப் பழைய இடத்தில் வைப்பதே இங்கே திருப்பணி.

ஆண்டுக்கு ஒரே நாளில் பல்லாயிரம் பேர் முண்டியடிப்பதைவிட, கோடைத்தீக் காலமும் அடைமழைக் காலமும் நீங்கலான மாதங்களில், வாரத்துக்குச் சில நாள், முன்பதிவு செய்த சிறு குழுக்கள் வழிகாட்டியோடு நடந்து போய்வருவது காட்டுக்கும் நல்லது, கோயிலுக்கும் நல்லது. அந்த வழிகாட்டிகளும் பாதைக் காவலர்களும் பளியன்குடியின் பளியர் பழங்குடியினராக இருக்க வேண்டும். இந்த மலையின் ஒவ்வொரு திருப்பமும், எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பதும், யானை எந்த வழியில் இறங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மலைமக்களின் மரபு உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. விழா நாளில் மட்டும் கூலிக்குக் கூப்பிட்டு மறுநாள் மறந்துவிடாமல், ஆண்டு முழுவதும் சம்பளத்தோடு அவர்களை அமர்த்துங்கள். கண்ணகியின் சேதியை அரசனிடம் கொண்டுவந்தவர்கள் மலைமக்கள். அவள் கோயிலைக் காக்கும் பொறுப்பில் மலைமக்களுக்கே முதலிடம்.

வரும் சித்திரைக்கான ஆட்சியர்கள் கூட்டத்தில் ஜீப் எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன் இந்தக் குழுவை அறிவித்தாக வேண்டும். அதற்கான ஆணையில் தமிழக, கேரள முதலமைச்சர்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் எந்தக் காரணத்தால் மறுக்கிறார்கள் என்பதை அவர்கள் தத்தம் சட்டமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும்.