அரை பெர்த்துக்கு முழுக் கட்டணம்

ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுத்தவர்கள் அதன் அடியில் ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே பயணிகளிடமிருந்து பெறுகிறது என்பது அதன் சாரம். மீதியை யாரோ போடுகிறார்கள், நன்றியோடு இரு என்று சொல்லாமல் சொல்லும் வரி. கழிப்பறை நாறுகிறது, வண்டி இரண்டு மணி நேரம் தாமதம், பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை என்று யாராவது வாய் திறந்தால் இந்த வரியே பதிலாகத் திரும்பி வருகிறது. "வெளிநாட்டில் போய்ப் பாருங்கள். காசைக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அதற்கேற்ற வசதி கிடைக்கிறது. நாம் கொடுக்கிற காசுக்கு இதுவே அதிகம்." டீக்கடையிலும் இதே பேச்சு, தொலைக்காட்சி விவாதத்திலும் இதே பேச்சு. இதற்குள் ஐந்து வாதங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக வெளியே எடுப்போம்.

1. "அங்கெல்லாம் பயணியே முழுச் செலவையும் கொடுக்கிறார்"

லக்சம்பர்க்கில் 2020 மார்ச் 1 முதல் ரயில், பஸ், டிராம் எல்லாம் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். இலவசம் ஆவதற்கு முன்பும் அங்கே டிக்கெட் வருவாய், செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆஸ்திரியா 2021 அக்டோபரில் ஆண்டு டிக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது 1,095 யூரோ கட்டினால், நாளுக்கு 3 யூரோ கணக்கில், நாடு முழுக்கச் சுற்ற முடிந்தது. ஜெர்மனியில் 2023 மே முதல் மாதம் 49 யூரோவுக்கு நாட்டின் எல்லாப் பிராந்திய ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் போகலாம் என்றார்கள். 2025இல் அது 58 ஆனது. இதனால் விழும் துண்டை அடைக்க மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 300 கோடி யூரோ ஒதுக்கின.

இங்கே அந்த மீதி 43 சதவீதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சரக்கு ரயில் வருமானத்திலிருந்து. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் அரிசிக்கும் கூடுதலாக வாங்கும் வாடகை, கரண்ட் பில்லிலும் கடை விலையிலும் போய்ச் சேருகிறது. ரயிலே ஏறாதவரும் அதைக் கட்டுகிறார். ஏறுகிறவர் இரண்டு முறை கட்டுகிறார்.

2. "கட்டணம் ஏறினால் வசதி ஏறும்"

ஐரோப்பாவில் ரயில் கட்டணத்துக்குப் பேர்போன நாடு பிரிட்டன். மான்செஸ்டரிலிருந்து லண்டன் போய்த் திரும்ப, எந்த வண்டியிலும் ஏறலாம் என்ற சாதாரண வகுப்பு டிக்கெட் 350 பவுண்டைத் தாண்டிவிட்டது. அவ்வளவு கொடுத்தும் உட்கார இடம் உறுதியில்லை. அந்த டிக்கெட் பயணம் செய்யும் உரிமையைத் தருகிறதே ஒழிய இருக்கையைத் தருவதில்லை. கூட்ட நேரத்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் ஏராளம்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை வந்தது. கடைசியாக எடுத்தவர் ஒன்றரை மடங்கு வரை கொடுத்தார். அவருக்காகப் பெர்த் ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. போர்வையும் அதே போர்வைதான். ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் கதை இன்னும் வேடிக்கை. சைடு லோயரில் இருவர் முழங்காலோடு முழங்கால் இடிக்க இரவெல்லாம் உட்கார்ந்து வருவார்கள். இருவரும் கட்டியிருப்பது முழு பெர்த்துக்கான பணம். கட்டணத்துக்கும் வசதிக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

3. "தனியாரிடம் கொடுத்தால் ஜப்பான் ஆகிவிடும்"

ஜப்பானின் புல்லட் ரயில் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. அதைக் கட்டியது அரசு ரயில்வே, அதுவும் உலக வங்கியில் 8 கோடி டாலர் கடன் வாங்கி. தனியார்மயம் வந்தது 23 ஆண்டுகள் கழித்து, 1987இல். அப்போது அரசு ரயில்வேயின் கடன் ஏறக்குறைய 37 லட்சம் கோடி யென். அதில் பெரும்பகுதி புதிய கம்பெனிகளின் கணக்கில் ஏறவில்லை. கடைசியில் வரி கட்டுகிறவர்கள் தலையில்தான் விடிந்தது. கூட்டம் மிகுந்த தடங்கள் கிடைத்த கம்பெனிகள் கொழித்தன. ஸ்டேஷனை ஒட்டிய கடைகளும் ஹோட்டல்களும் அவற்றுக்குக் கைகொடுத்தன. ஆள் குறைந்த ஹொக்கைடோ, ஷிகோகு பகுதிகளின் ரயில் கம்பெனிகள் இன்றும் அரசின் கையில்தான் இருக்கின்றன.

பிரிட்டன் தொண்ணூறுகளில் தண்டவாளத்தையும் சேர்த்தே விற்றது. 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே தண்டவாளக் கம்பெனி நொடித்துப்போனது. ரயில் ஓட்டும் கம்பெனிகளையும் பொது உடைமையாக்க 2024இல் சட்டமே போட்டுவிட்டார்கள். விற்றவர்களே திரும்ப எடுக்கும்போது, விற்றால் விடியும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

4. "நேரம் தவறாமை அவர்கள் ரத்தத்தில் ஊறியது"

ஜெர்மானியரின் ஒழுங்கைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அங்கே ஆறு நிமிடத்துக்கும் குறைவான தாமதம் தாமதமே அல்ல. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் கணக்கு இன்னும் கறார், மூன்று நிமிடம்தான். அப்படியும் 93 சதவீத ரயில்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தாமதமாக வரும் ஜெர்மன் ரயிலை எல்லையில் பாசல் ஸ்டேஷனோடு நிறுத்திவிட்டு, பயணிகளைத் தங்கள் வண்டிக்கு மாற்றுவது சுவிஸ்காரர்களுக்கு வாடிக்கை.

எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் பேசும் மொழிகூட ஜெர்மன்தான். வேறுபாடு ரத்தத்தில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. சுவிஸ் மக்கள் 2014 பிப்ரவரியில் நாடு தழுவிய வாக்கெடுப்பில் ரயில் கட்டமைப்புக்கென்று நிரந்தர நிதி ஒன்றுக்குச் சம்மதம் தந்தார்கள். ஜெர்மனியோ பல ஆண்டுகள் பராமரிப்பைத் தள்ளிப்போட்டது. 2024இல் ஃபிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் தடத்தை ஐந்து மாதம் மூடிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

5. "எப்படிப் பார்த்தாலும் நம் டிக்கெட் மலிவு"

புறநகர் ரயிலில் ஐந்து ரூபாய்க்குப் போக முடிவது மலிவுதான், மறுக்கவில்லை. மற்றதைக் கூலியோடு வைத்துப் பார்ப்போம். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கை 14,720 யென். 2024இல் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். ஆக, அடிமட்டத் தொழிலாளிக்கு அது சுமார் 13 மணி நேர உழைப்பு. ஒன்றரை நாள் என்று வையுங்கள். ஏறக்குறைய அதே தூரம் உள்ள சென்னை–மதுரை வந்தே பாரத்தில் ஏசி இருக்கைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். மூன்று நாள் கூலி போதாது. ஸ்லீப்பரில் போனால் ஒரு நாள் கூலி. அதுவும் பெர்த் கிடைத்தால்.

கட்டணமே ஏறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூலையில் கிலோமீட்டருக்கு விரைவு வண்டிகளின் ஏசி இல்லாத பெட்டிகளில் ஒரு பைசா, ஏசியில் இரண்டு பைசா ஏற்றினார்கள். பெரிதாக யாரும் முணுமுணுக்கவில்லை. ஏற்றியதற்கு ஈடாக என்ன தருவீர்கள் என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரம் தாமதித்தால் பாதியும் திரும்பப் பெறுவது பயணியின் சட்ட உரிமை. இங்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தையே கைவிட்டால்தான் பணம் திரும்பும். காத்திருந்து ஏறிப் போனவருக்கு ஒன்றும் கிடையாது.

57 சதவீதம் என்ற அந்த வரி டிக்கெட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள் அச்சிடுங்கள்: வண்டி தாமதமானால் எவ்வளவு திருப்பித் தருவோம், அரை பெர்த் கொடுத்தால் எவ்வளவு குறைப்போம் என்று. அதன்பிறகு கட்டண உயர்வைப் பற்றிப் பேசலாம்.