லீவுக்கு நல்ல வெப்சைட் எது? போனைக் கீழே வைக்கச் சொல்வதுதான்!

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு லீவு விட்டாச்சு. சென்னையில் வேலை பார்க்கும் பலர் ஊருக்குக் கிளம்பியாச்சு. திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே இருக்கும் கூட்டேரிப்பட்டைத் தெரியாமல் தென்மாவட்டம் போகிறவர்கள் குறைவு. மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்பும் கூட்ரோடு அது. அங்கிருந்து பிரிந்து கிராமத்து வீட்டுக்குப் போய் இறங்கியதும் அக்கா பிள்ளைகள் ஓடி வந்து கேட்கும் முதல் கேள்வி: "மாமா, உங்க போன்ல நெட் இருக்கா?"

கிறிஸ்துமஸ் லீவுக்கு 'பயனுள்ள 10 இணையதளங்கள்' என்று ஒவ்வொரு ஆண்டும் பட்டியல்கள் வரும். என்னைக் கேட்டால் பட்டியலைவிட அளவுகோல்தான் முக்கியம். ஒரு தளம் பிள்ளையை அரை மணி நேரத்தில் வானத்தையோ, புத்தகத்தையோ, ஏரிக்கரையையோ பார்க்க வைத்தால் அது நல்ல தளம். ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. லீவுக்கு நமக்குத் தேவை, முடிவு இருக்கிற தளங்கள்.

சாண்டா இப்போ எங்கே?

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் 'நோராட் சாண்டா டிராக்கர்'. வட அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பு நடத்துவது. இதன் தொடக்கம் பற்றி அவர்களே சொல்லும் கதை சுவாரசியமானது. 1955-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு கடை விளம்பரம், 'சாண்டாவிடம் பேசுங்கள்' என்று தவறான போன் நம்பரை அச்சிட்டுவிட்டது. அழைப்பு போனது ராணுவ வான் பாதுகாப்பு மையத்துக்கு. அங்கிருந்த கர்னல் ஹாரி ஷூப் திட்டவில்லை. சாண்டா வருகிற வழியை ரேடாரில் பார்த்துச் சொல்லும்படி தன் ஊழியர்களிடம் கூறினார்.

இன்று டிசம்பர் 24 அன்று சாண்டா எந்த நாட்டின் மேலே பறக்கிறார் என்று வரைபடத்தில் காட்டுகிறார்கள். பல மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. அதனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது நல்லதுதான். பூகோளப் பாடம் தானாக நடந்துவிடும். அன்று இரவோடு விளையாட்டும் முடிந்துவிடும்.

கதையும் அறிவியலும்

அடுத்தது 'ஸ்டோரிவீவர்'. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய தளம். படக்கதைகள் தமிழிலேயே, வாசிப்பு நிலை வாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஆங்கிலக் கதை ஒன்றை அந்தத் தளத்திலேயே தமிழாக்கச் சொல்லுங்கள். லீவில் வேறு ஹோம்வொர்க்கே வேண்டாம்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு 'பெட்' தளம். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, ஊசல், அமிலம்-காரம் என்று ஆய்வுக்கூடத்தில் செய்வதைத் திரையில் செய்து பார்க்கலாம். சில தமிழிலும் உண்டு. ஆய்வுக்கூட வசதி குறைவான பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வெளியே அனுப்பும் தளங்கள்

இப்போது என் விருப்பப் பட்டியல். 'ஸ்டெல்லேரியம்' என்ற தளம் உங்கள் ஊரின் இரவு வானத்தை அப்படியே காட்டும். டிசம்பர் இரவில் கிழக்கே ஓரியன் கூட்டம் எழும். அதில் சிவப்பாகத் தெரிகிற விண்மீன்தான் நம் திருவாதிரை. கோயிலில் மார்கழித் திருவாதிரை என்று கேள்விப்பட்ட பெயரை வானத்தில் பார்ப்பது தனி சந்தோஷம். சென்னையின் வெளிச்சத்தில் இது சிரமம். கூட்டேரிப்பட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்து மொட்டை மாடியில் சுலபம்.

அடுத்தது பறவைகள். அந்தக் காலத்து அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கியோடு பறவை வேட்டைக்குப் போவார்கள். 1900-ல் ஃபிராங்க் சாப்மேன் என்ற பறவையியலாளர், 'சுடாதீர்கள், எண்ணுங்கள்' என்ற யோசனையை முன்வைத்தார். அந்தக் 'கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு' இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு உண்டு.

இதற்கு உதவுவது கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'இ-பேர்ட்'. பார்த்த பறவையைப் பதிவு செய்தால் உலக ஆய்வாளர்களின் தரவில் உங்கள் ஊர் சேர்ந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கழுவெளி பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடம். குளிர்காலம்தான் அங்கே வலசைப் பறவைகளின் சீசன். போகும் முன் இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் மேலிருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

மயிலத்தைத் தாண்டினால் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. மேற்கே போனால் செஞ்சிக்கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இவற்றைப் பற்றி இணையத்தில் பத்து நிமிடம் படித்துவிட்டு நேரில் போனால் கல்லும் பேசும்.

"எங்களுக்கும் லீவு வேணாமா?"

நியாயமான கேள்வி. வருஷம் முழுக்க வேலை. போனைக் கொடுத்தால் வீடு அமைதியாக இருக்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு விஷயம். பல கிராமத்து வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு போன்தான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நல்ல டேட்டா பிளானோடும் லேப்டாப்போடும் நீங்கள் ஊரில் இருக்கும் அந்த நாலு நாள், அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு. அதை ரீல்ஸிலேயே கரைக்க வேண்டுமா? நாள் முழுக்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம், ஒரே ஒரு தளம், கூடவே நீங்கள். போதும்.

கிளம்பும் முன்

கதைகளையும் 'பெட்' பயிற்சிகளையும் சென்னையிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. பண்டிகை நேரத்தில் 'கிறிஸ்துமஸ் பரிசு இலவசம், லிங்க்கைத் தொடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். தொடாதீர்கள். ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். இந்த எண்ணை ஊரில் இருக்கும் அப்பா, அம்மா போனிலும் சேமித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.