நாற்று பச்சை பிடிக்க நாள் ஆகும்

திருக்கடையூர் அபிராமி அம்மன் கோவிலில் எந்த நாளில் போனாலும் கல்யாணம்தான்!

மாப்பிள்ளைக்கு வயது 60. சில வேளை 80. மார்க்கண்டேயனைக் காக்க எமனையே சிவபெருமான் உதைத்த தலம் அல்லவா? நீண்ட ஆயுள் வேண்டி இங்கே வருகிறார்கள். கலச நீரை ஊற்றிக்கொண்டு, பேரன் பேத்திகள் சுற்றி நிற்க, தாத்தா மறுபடியும் பாட்டிக்குத் தாலி கட்டுகிறார்.

அந்தக் கூட்டத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மகன் வந்திருப்பான். கனடாவிலிருந்து மகள் வந்திருப்பாள். படிக்கப் போனவர்கள் உண்டு. படிக்கப் போனவருக்குத் துணையாகப் போனவர்களும் உண்டு.

படிக்கப் போகிறவரிடம் ஊரே விசாரிக்கிறது. "என்ன படிப்பு? எந்தக் கல்லூரி? எவ்வளவு கடன்?" என்று கேட்கிறது. கூடப் போகும் மனைவியிடம் கேட்பது ஒரே கேள்வி: "எப்போது விமானம்?"

"அங்கே போய் நீ என்ன செய்யப் போகிறாய், அம்மா?" என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

ஜானகி அம்மாளின் கதை

திருக்கடையூருக்கு மேற்கே, இதே காவிரிக் கரையில் இருக்கிறது கும்பகோணம். அங்கே வளர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். 1914-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர் ஆனார்.

அவருடைய மனைவி ஜானகிக்கு அப்போது வயது சுமார் 15. அவர் கூடப் போகவில்லை. அந்தக் காலத்தில் அது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம்.

அங்கே ராமானுஜன் சைவ உணவைத் தாமே சமைத்துச் சாப்பிட்டார். முதல் உலகப் போர் மூண்டது. வேண்டிய காய்கறியும் பண்டங்களும் கிடைப்பது அரிதாயிற்று. கணக்கில் மூழ்கினால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். கடுங்குளிர் வேறு. 1917-ல் படுத்த படுக்கை ஆனார். 1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் மாதம், 32 வயதில் காலமானார்.

துணைவி உடன் இருந்தால் பிழைத்திருப்பாரா? அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால், அயல்நாட்டுத் தனிமை எவ்வளவு கொடியது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

கதை அதோடு முடியவில்லை. கணவரை இழந்த ஜானகி அம்மாள் தையல் கற்றார். சென்னையில் தையல் வேலை செய்து சொந்தக் காலில் நின்றார். 1994 வரை வாழ்ந்தார்.

ஒருவருக்குத் துணை வேண்டும். துணையாக இருப்பவருக்கும் கையில் ஒரு தொழில் வேண்டும். ராமானுஜன் வீட்டுக் கதை நமக்குச் சொல்லும் பாடம் இது.

நான்கு சுவர்

இன்று காலம் மாறிவிட்டது. மனைவியும் விமானம் ஏறுகிறாள். அவளும் பட்டதாரி. மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவளாக இருப்பாள். அல்லது கம்ப்யூட்டர் வேலை பார்த்தவளாக இருப்பாள்.

அங்கே போய் இறங்குகிறாள். காலையில் கணவர் கல்லூரிக்குப் போகிறார். இரவுதான் திரும்புகிறார். வீடு ஒரே அறை. வெளியே பனி. டிசம்பர் மாதத்தில் லண்டனில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பேச ஆள் இல்லை. நியூயார்க்கில் குளிர்காலத்தில் இரவு 7.30 என்றால், திருக்கடையூரில் மறுநாள் காலை 6 மணி. அங்கே ஓய்ந்து உட்காரும் வேளையில், இங்கே அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்.

சம்பாதித்த கை, பத்து டாலருக்கும் கணவரிடம் நீள வேண்டியிருக்கிறது. மனம் சோர்ந்து போகாதா?

வேலைக்கு அனுமதி உண்டா?

இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

அமெரிக்கா: மாணவரின் துணைவருக்கு 'எப்-2' விசா. இதில் சம்பள வேலை அறவே கூடாது. பகுதி நேரமாகப் படிக்கலாம். முழுநேரப் பட்டப்படிப்பு வேண்டுமானால் தாமே மாணவர் விசாவுக்கு மாற வேண்டும்.

பிரிட்டன்: 2024 ஜனவரி முதல் சட்டம் இறுகிவிட்டது. சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் துணைவரை அழைத்துச் செல்ல முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசாங்க உதவித்தொகையில் படிப்போருக்கும் விலக்கு உண்டு.

கனடா: 2025 ஜனவரி முதல் எல்லா மாணவரின் துணைவருக்கும் வேலை அனுமதி கிடைப்பதில்லை. 16 மாதமோ அதற்கு மேலோ நடக்கும் முதுகலைப் படிப்பு, டாக்டர் பட்ட ஆராய்ச்சி, குறிப்பிட்ட சில தொழிற்படிப்பு ஆகியவற்றுக்குத்தான் உண்டு.

ஆஸ்திரேலியா: துணைவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். மாணவர் முதுகலையோ ஆராய்ச்சியோ படித்தால், படிப்பு தொடங்கிய பிறகு இந்த வரம்பு இல்லை.

ஜெர்மனி: துணைவர் வேலை பார்க்கலாம். ஆனால், போவதற்கு முன்பே ஆரம்ப நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது பொது விதி.

இந்தச் சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. தரகர் சொல்வதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். அந்தந்த நாட்டு அரசாங்க அறிவிப்பைப் படித்தவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"விசாவில் இல்லாவிட்டால் என்ன? கடையில் ரொக்கக் கூலிக்கு வேலை செய்யலாம்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்! பிடிபட்டால் விசா போய்விடும். வரவேண்டிய வருங்காலமும் போய்விடும்.

பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?

ஊறுகாயும் சாம்பார்ப் பொடியும் நாம் சொல்லாமலே ஏறிவிடும். காகிதங்களைத்தான் மறந்துவிடுகிறோம்.

முதலாவது, திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும். 90 நாட்களுக்குள் பதிந்துவிடுவது நல்லது. பத்திரிகையும் புகைப்படமும் மட்டும் போதாது.

இரண்டாவது, பெயர். நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் வழக்கம். குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக எழுதி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். 'முதற்பெயர் தெரியாது' என்பது அதன் பொருள்! அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் தெரியாத பெயர் ஆகிவிடும். பாஸ்போர்ட், பட்டம், பதிவுச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மூன்றாவது, மனைவியின் பட்டமும் மதிப்பெண் பட்டியலும். "உனக்கு எதற்கு?" என்று வீட்டில் வைத்துவிடக் கூடாது. நாளை அங்கே படிக்கவோ வேலை தேடவோ அவைதான் சாவி.

நான்காவது, மருத்துவ இன்சூரன்ஸ். அமெரிக்காவில் அது இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் கடன்தான். கணவருடைய இன்சூரன்ஸ் மனைவிக்கும் சேருமா, எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும். பாங்குக் கணக்கில் மனைவி பெயரும் இருக்க வேண்டும்.

ஒரு மாதரி வேண்டும்

திருக்கடையூருக்குப் பக்கத்துக் கடற்கரையில்தான் பூம்புகார். அங்கிருந்து கணவனுடன் முன்பின் தெரியாத மதுரைக்கு நடந்தாள் கண்ணகி. அவளை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைத்தார் கவுந்தி அடிகள். மாதரி வீடு கொடுத்தாள். சமைக்கப் பண்டம் கொடுத்தாள்.

புது ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மாதரி வேண்டும். அவர் தமிழச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவியாக இருக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவரின் துணைவருக்கென்று சங்கம் இருக்கிறது. அமெரிக்க ஊர்களில் பொது நூலகம் உண்டு. அந்த ஊரில் குடியிருப்பவருக்குப் புத்தகம் இலவசம். பல நூலகங்களில் ஆங்கிலப் பேச்சு வகுப்பும் இலவசம். தமிழர் கூடும் ஊர்களில் வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுக்கலாம். சம்பளம் வராவிட்டாலும் சிநேகிதம் வரும்.

முதல் வாரத்திலேயே பஸ் ஏறத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாகக் கடைக்குப் போய்வர வேண்டும்.

மனைவி படிக்க, துணையாகப் போகும் கணவர்களும் இன்று இருக்கிறார்கள். அவர் சமைத்தால் நம் ஊரில் கேலி பேசாதீர்கள். அவருக்கும் அதே தனிமைதான், அதே விசாதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போனில் மகள் அழுதால், "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று உடனே வாயை அடைக்காதீர்கள். என்ன குறை என்று கேளுங்கள். ஊர் ஏக்கமா? அது ஆறும். அடியா, உதையா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறாரா? அது வேறு விஷயம். அங்கே இந்தியத் தூதரகம் இருக்கிறது. இங்கே தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மணப்பெண்களின் குறைகளைக் கேட்கத் தனிப் பிரிவு இருக்கிறது. நாடுவதில் வெட்கம் இல்லை.

நம் வயல்களில் நாற்று நடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். நாற்றங்காலில் செழித்து நின்ற பயிர், பிடுங்கி நட்டதும் வாடி மஞ்சளாகத் தலை சாய்கிறது. "செத்துவிட்டது" என்று எந்த உழவரும் கைவிடுவதில்லை. அளவாகத் தண்ணீர் கட்டுகிறார். காத்திருக்கிறார். வேர் பிடிக்கிறது. வயல் பச்சை பிடிக்கிறது.

அயல்நாட்டில் நட்ட நாற்றுக்கும் நாள் கொடுங்கள். கணவர் அன்பாகப் பேசட்டும். பெற்றோர் காது கொடுக்கட்டும். அவள் கைக்கு ஒரு தொழிலோ படிப்போ கிடைக்கட்டும்.

பல ஆண்டுகள் கழித்து, அவர்களும் திருக்கடையூருக்கு வந்து மாலை மாற்றிக்கொள்ள வேண்டாமா?